கயிறும் கதவும்



பல மாடிக் கட்டடம் ஒன்றின் மின்தூக்கியில், லிப்ட் என்று நீங்கள் அழைக்கும் அந்தச் சிறிய அறையில், ஏறி நிற்கிறோம். கதவு மூடுகிறது. அறை மெல்ல எழுகிறது. "கயிறு அறுந்துவிட்டால்?" என்னும் எண்ணம் ஒரு கணமேனும் தோன்றாதவர் அரியர். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. நானும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

ஆயினும் தூக்கியின் வரலாற்றை ஊன்றிப் படிப்பவர்க்கு வேறொன்று புலப்படும். கயிற்றைப் பற்றிய அச்சத்துக்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை கண்டுவிட்டார். அதன் பின்னர் மக்களை வருத்திய ஆபத்தின் பெரும்பகுதி கயிற்றில் இல்லை, கதவண்டையில் இருந்தது. அசையாத தரையை விட்டு அசையும் பொறிக்குள் மனிதன் கால் எடுத்து வைக்கும் அந்த ஒரு சாண் இடத்தைத்தான் சொல்கிறேன். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதையும் அதே இடமே தீர்மானித்து வந்திருக்கிறது. பாதுகாப்பு, அனைவருக்கும் வழி என்னும் இவ்விரண்டையும் தனித்தனிப் பொருள்களாகப் பேசுவது வழக்கம். வரலாற்றில் அவை பிரிந்து நிற்கவில்லை என்பதைக் காட்டுவதே என் நோக்கம்.

சுமையை உயர ஏற்றும் கருவி மனிதனுக்குப் புதிதன்று. ரோமாபுரியின் கொலோசியம் அரங்கத்துக்கு அடியில் அடிமைகள் சுழல்மரங்களைத் தள்ளிக் காட்டு விலங்குகளைக் கூண்டோடு மேலே ஏற்றினார்கள். கிரேக்க நாட்டில் மெட்டியோரா என்னுமிடத்தில் செங்குத்தான பாறைகளின் உச்சியில் துறவியர் மடங்கள் இருக்கின்றன. பல நூற்றாண்டுக் காலம் அங்கே செல்வோர் ஒரு கயிற்று வலைக்குள் முடங்கிக்கொள்ள, மேலிருந்து அவர்களை இழுத்தெடுப்பார்கள். "கயிற்றை எப்பொழுது மாற்றுவீர்கள்?" என்று யாத்திரிகர் ஒருவர் கேட்டாராம். "அறும்பொழுது" என்று விடை வந்ததாம். கதையாகவே இருக்கலாம், அக்காலத்துப் பொறியியல் நிலையை அது சரியாகவே சொல்கிறது. பிரான்சு நாட்டு மன்னர் பதினைந்தாம் லூயி 1743-இல் தம் வெர்சேல்ஸ் அரண்மனையில் "பறக்கும் நாற்காலி" ஒன்று அமைத்துக்கொண்டார். இவையெல்லாம் விலங்குக்கும் துறவிக்கும் அரசருக்கும் பயன்பட்டன. பொதுமக்கள் யாரும் நம்பி ஏறத்தக்க பொறி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தோன்றவில்லை.

அதைத் தந்தவர் எலிஷா கிரேவ்ஸ் ஓட்டிஸ். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 1811-இல் பிறந்தவர். நியூயார்க்குக்கு அருகே யாங்கர்ஸ் என்னும் ஊரில் ஒரு கட்டில் தொழிற்சாலையில் இயந்திர வல்லுநராக இருந்தார். 1852-இல் அத்தொழிற்சாலையின் கனத்த பொருள்களை மாடிக்கு ஏற்றவேண்டி வந்தது. கயிறு அறுந்து சுமை விழுவது அக்காலத் தொழிற்சாலைகளில் வாடிக்கை. அதற்கு ஓட்டிஸ் கண்ட வழி எவ்வளவு எளியது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அதை நீங்கள் மனத்தில் படமாகப் பார்க்கவேண்டும். பழைய ஜட்கா வண்டியின் அடியில் பட்டை வில் ஒன்று இருக்கும். லாரியின் பின்சக்கரத்தண்டையில் இன்றும் அதைக் காணலாம். அத்தகைய வில் ஒன்றை ஓட்டிஸ் தூக்கி மேடையின் தலைப்பில் பொருத்தினார். மேடையை இழுக்கும் கயிற்றை அந்த வில்லின் நடுவில் கட்டினார். மேடையின் எடை கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும் வரை வில் வளைந்தே இருக்கும். மேடை ஏறி இறங்கும் வழியின் இரு பக்கத்திலும் உள்ள தூண்களில் அரம்போன்ற பற்களை வைத்தார். கயிறு அறுந்தால் என்ன நேரும்? இழுப்பு நின்றதும் வில் விரைந்து நிமிரும். நிமிர்ந்த வில்லின் இரு முனைகளும் பற்களில் போய் மாட்டிக்கொள்ளும். மேடை நின்ற இடத்திலேயே நிற்கும். விழவேண்டிய பொருளின் எடையே, அது விழாதபடி காக்கும் வில்லை வளைத்து வைத்திருக்கிறது! இதில் யாரும் விசையைத் திருப்பவேண்டியதில்லை. யாரும் விழிப்பாக இருக்கவேண்டியதும் இல்லை.

நல்ல கருவி வந்ததும் உலகம் ஓடிவந்து வாங்கிவிடும் என்று எண்ணாதீர்கள். ஓட்டிஸிடம் தூக்கி வாங்க வந்தவர் சிலரே. 1854-இல் நியூயார்க்கில் பளிங்கு மாளிகை என்னும் கண்ணாடிக் கூடத்தில் தொழிற் பொருட்காட்சி நடந்தது. அங்கே, கூடியிருந்தவர் கண்முன்னே, ஓட்டிஸ் தம் மேடையில் ஏறி நின்று தம்மை உயர இழுக்கச் செய்தார். பிறகு கயிற்றை வெட்டுமாறு கட்டளையிட்டார். கயிறு அறுந்தது, மேடை சிறிது அதிர்ந்து அங்கேயே நின்றது. பயமில்லை என்று அவர் மேலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டு அறிவித்ததாகச் சொல்வார்கள். ஆயிரம் விளம்பரத் தாள்கள் செய்யாததை அந்த ஒரு வெட்டு செய்தது.

1857 மார்ச்சு 23 அன்று நியூயார்க் பிராட்வே சாலையில் ஹாவவுட் என்பாரின் ஐந்து மாடிக் கடையில் மக்கள் ஏறிச் செல்லும் தூக்கி இயங்கத் தொடங்கியது. நீராவியால் ஓடிய அத்தூக்கியின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 அடி. கால் நன்றாக உள்ள இளைஞன் படியேறி முந்திவிடுவான். ஓட்டிஸ் 1861-இல் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார். அவருடைய வில்லுக்குப் பின்னர் இன்னும் நுட்பமான காவற்பொறி வந்தது. தூக்கியின் வேகம் அளவு மீறினால், அதனோடு சேர்ந்து சுழலும் சக்கரம் ஒன்று தனிக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும். தூக்கியின் அடியிலுள்ள ஆப்புகள் இருபுறத் தண்டவாளங்களையும் இறுக்கிக்கொள்ளும். கயிறும் ஒன்றல்ல, பல. 1880-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் வெர்னர் வான் சீமன்ஸ் மின்சாரத்தால் இயங்கும் தூக்கியைக் காட்டினார். அது முதல் உயரத்துக்கு எல்லையில்லாமற் போயிற்று. முன்பு விடுதிகளின் மேல்மாடி அறைகள் மலிவானவை. வேலைக்காரரும் ஏழை மாணவரும் தங்குபவை. தூக்கி வந்த பிறகு அவையே விலையுயர்ந்தவை ஆயின.

காவற்பொறியையும் மீறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1945 ஜூலை 28 அன்று மூடுபனியில் வழி தெரியாமல் பறந்த இராணுவ விமானம் ஒன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79-ஆம் மாடியில் மோதியது. பதினான்கு பேர் மாண்டனர். அங்கே தூக்கி இயக்கும் பணியிலிருந்த பெட்டி லூ ஆலிவர் என்னும் இளம்பெண் காயமுற்றார். முதலுதவி செய்து, அவரைக் கீழே அனுப்ப வேறொரு தூக்கியில் ஏற்றினார்கள். மோதலில் அதன் கயிறுகள் சிதைந்திருந்தன. காவற்பொறியின் கயிறும் தப்பவில்லை. தூக்கி 75 மாடி உயரம் விழுந்தது. அவர் பிழைத்தார். அறுந்து விழுந்த கயிறுகள் பள்ளத்தில் சுருள் சுருளாகக் குவிந்து மெத்தை போலாயின என்றும், குழாய் போன்ற அந்த வழியில் அடைபட்ட காற்று வேகத்தைத் தணித்தது என்றும் விளக்கம் கூறுவர். ஒரு தூக்கி இப்படி விழுவதற்கு ஒரு போர் விமானம் மோதவேண்டியிருந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். கயிற்றின் கதை இவ்வளவே.

இனிக் கதவின் கதை. தொடக்க காலத் தூக்கிகளுக்குக் கதவு என்பது பிறகு நினைத்துக்கொண்ட பொருள். ஒவ்வொரு மாடியிலும் வழியடைப்புக் கதவு ஒன்றும், தூக்கிக்கென ஒன்றும் இருக்கும். இரண்டையும் கையால் திறந்து மூடவேண்டும். போகிறவர் மூட மறந்துவிட்டால், தூக்கி சென்ற பிறகும் மாடிக் கதவு திறந்தே கிடக்கும். அடுத்து வருபவர் அரையிருட்டில் தூக்கி நிற்கிறது என்று எண்ணிக் கால் வைப்பார். அங்கே வெறும் பள்ளம்! கயிறு அறுவதைக் காட்டி அஞ்சிய மக்கள் இதை அஞ்சவில்லை. அலட்சியத்தைப் பற்றி யாரும் அச்சம் கொள்வதில்லை போலும்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் துலூத் என்னும் ஊரில் அலெக்சாண்டர் மைல்ஸ் என்ற கறுப்பின மனிதர் முடிதிருத்தும் தொழில் செய்து செல்வரானவர். தூக்கி மாடிக்கு வரும்பொழுது அதன் அசைவே கதவைத் திறக்கவும், விட்டுச் செல்லும்பொழுது அதுவே மூடவும் அமைந்த ஏற்பாடு ஒன்றுக்கு அவர் 1887 அக்டோபர் 11-இல் காப்புரிமை பெற்றார். இத்துறையில் அவருக்கு முன்னும் சிலர் முயன்றிருந்தனர். ஆயினும் மனிதர் நினைவை நம்பாதே, பொறியே நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்ற கொள்கையை அவர் கதவுக்குக் கொண்டுவந்தார். வில்லில் ஓட்டிஸ் செய்ததும் அதுவேயன்றோ? பின்னர், கதவு முழுதும் மூடித் தாழ் விழுந்தாலன்றித் தூக்கி நகராது என்னும் இணைப்புப் பூட்டு பரவியது. 1921-இல் அமெரிக்கப் பொறியாளர்கள் தூக்கிகளுக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அது திருத்தப்பெற்று இன்றும் வழங்குகிறது. நம் நாட்டில் பம்பாய் மாகாணம் 1939-இலேயே தூக்கிகளுக்குத் தனிச்சட்டம் இயற்றியது; தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் 1997-இல் வந்தது.

பழைய பம்பாய்க் கட்டடங்களில் இரும்புக் கம்பிகள் பின்னிய மடிப்புக் கதவுள்ள தூக்கிகளை நான் பார்த்திருக்கிறேன். மூலையில் ஒரு முக்காலி. அதில் காக்கிச் சட்டையணிந்த இயக்குநர். சிறுவர்கள் கம்பி இடுக்கில் கை நீட்டினால் அவர் அதட்டுவார். முதிய அம்மையார் வந்தால் காத்திருப்பார். கண் தெரியாதவருக்கு "மூன்றாம் மாடி, ஐயா" என்று சொல்லிக் கைகொடுத்து இறக்கிவிடுவார். பொறியின் குறையை அந்த மனிதர் நிறைத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் போன பிறகே தெரிந்தது.

அவர் போனது இவ்வாறு. 1945 செப்டம்பரில் நியூயார்க்கின் தூக்கி இயக்குநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வானளாவும் கட்டடங்கள் பயனற்றுக் கிடந்தன. இயக்குநரே இல்லாத தூக்கியைக் கட்டட முதலாளிகள் நாடத் தொடங்கினார்கள். 1950-இல் டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் ஓர் எண்ணெய் நிறுவனக் கட்டடத்தில் முழுதும் தானே இயங்கும் தூக்கித் தொகுதி அமைந்தது. பொத்தானை அழுத்தினால் போதும். நல்லது, ஆனால் பொத்தானைக் காணக் கண் வேண்டும், எட்டக் கை வேண்டும், கதவு மூடுமுன் நுழையக் கால் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தவர்க்கு முக்காலியில் இருந்த மனிதருக்கு ஈடாக எதுவும் வைக்கப்படவில்லை.

தானியங்கிக் கதவும் குற்றமற்றதன்று. 2006 ஜூன் மாதத்தில் தோக்கியோ நகரின் அடுக்குமாடி வீடு ஒன்றில் பதினாறு வயது மாணவன் ஒருவன் தன் மிதிவண்டியோடு தூக்கியிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தான். கதவு திறந்திருக்கையிலேயே தூக்கி மேலே எழுந்தது. இடையில் நசுங்கி அவன் உயிர் நீத்தான். கயிறு அறவில்லை, காவற்பொறிகள் கீழே விழுவதைத் தடுக்கவே பிறந்தவை, மேலே எழுவதை அவை அறியா. அதன் பிறகு ஜப்பான் அரசு, கதவு திறந்த நிலையில் தூக்கி நகர்ந்தால் உடனே பிடித்து நிறுத்தும் தனிப்பொறி புதிய தூக்கிகளுக்கெல்லாம் கட்டாயம் என்று 2009 முதல் விதித்தது. ஓட்டிஸ் கயிற்றுக்குச் செய்ததைக் கதவுக்குச் செய்ய ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

தூக்கியின் தம்பி எனத்தக்க நகரும் படிக்கட்டுக்கு வருவோம். அங்கே கதவே இல்லை. தொடக்கமும் முடிவும் வாயிற்படிதான். நேதன் ஏம்ஸ் என்பவர் 1859-இலேயே "சுழலும் படி"க்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது கட்டப்படவில்லை. ஜெஸ்ஸி ரீனோ 1896-இல் நியூயார்க்கின் கோனித் தீவில், கடற்பாலத்தருகே ஏறத்தாழ 7 அடி உயரம் ஏற்றும் சாய்வான நகர்பாதை அமைத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏறிப் பார்த்து மகிழ்ந்தார்கள். 1898 நவம்பரில் இலண்டன் ஹாரட்ஸ் கடையில் இத்தகைய பாதையொன்று வந்தபோது, மேலே போய்ச் சேர்ந்து தலைசுற்றிய சீமாட்டிகளுக்கும் கனவான்களுக்கும் முகரும் உப்பும் ஒரு மிடறு பிராந்தியும் தந்து தேற்றினார்களாம். சார்லஸ் சீபெர்கர் என்பவர் படிபடியாக அமைந்த வடிவத்தை ஓட்டிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செய்து, "எஸ்கலேட்டர்" என்ற பெயரையும் சூட்டினார். 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது.

சீபெர்கர் படியில் இறங்குமிடம் தொல்லையாக இருந்தது. படி தரைக்குள் மறையும் கோட்டில் கால் சிக்காதிருக்க, அங்கே குறுக்கே சாய்வாக ஒரு தடுப்பு வைத்தார்கள். பயணி பக்கவாட்டில் அடி வைத்து இறங்கவேண்டும். ரீனோவின் வழி வேறு. மிதிக்கும் பரப்பில் நீள நீளமாகப் பள்ளமும் மேடும். முடிவில் ஒரு சீப்பு. சீப்பின் பற்கள் பள்ளங்களுக்குள் நுழைந்து, காலையும் துணியையும் மேலே தள்ளிவிடும். 1920-களில் இரண்டையும் இணைத்துப் படியும் சீப்புமாக இன்றைய வடிவம் வந்தது. துணிக்கடைகளில் நம் மகளிர் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவது வீண் அச்சமன்று. சீப்பில் ஒரு பல் ஒடிந்திருந்தாலும் அங்கே இடைவெளி பெரிதாகிவிடும். படியின் இரு முனைகளிலும் நிறுத்தும் பொத்தான் உண்டு. அடுத்த முறை அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

1911 அக்டோபர் 4 அன்று இலண்டன் சுரங்க இரயில்வேயின் முதல் நகரும் படி ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் திறக்கப்பட்டது. மக்கள் அஞ்சினர். அவர்களுக்குத் தைரியமூட்ட, ஒற்றைக்காலுள்ள ஹாரிஸ் என்னும் மனிதரை நாள் முழுதும் ஏறி இறங்கச் செய்தார்கள் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. அது முற்றும் உண்மையோ என்று ஐயுறுவோர் உண்டு. எனினும் இக்கதை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒற்றைக்காலர் ஏறினால் இது பாதுகாப்பானது என்று எல்லாரும் ஒப்புவார்கள் என அந்நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. அதாவது, மிகவும் இடருறுபவரை வைத்தே பொறியை அளக்கவேண்டும் என்ற உண்மை 1911-இலேயே அவர்கள் கையில் இருந்தது. அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டு, நிலையங்களைக் கட்டும்பொழுது மறந்துவிட்டார்கள். அதன் பிறகு ஆழமான நிலையங்கள் பலவற்றில் படியும் நகரும் படியும் மட்டுமே வழியாயின. சக்கர நாற்காலியில் வருபவர்க்கு அங்கே வழியில்லை.

இந்த மறதியை முறியடித்த வழக்கு அமெரிக்கத் தலைநகரில் நடந்தது. வாஷிங்டன் மெட்ரோ இரயில்வேக்குத் திட்டம் தீட்டியவர்கள் ஆழத்திலுள்ள நிலையங்களுக்கு நீண்ட நகரும் படிகளை அமைத்தார்கள், தூக்கி வைக்கவில்லை. செலவு மிகும் என்றார்கள். ஆனால் 1968-இல் அந்நாட்டு நாடாளுமன்றம், அரசுப் பணத்தில் எழும் கட்டடங்களில் உடற்குறையுடையோர்க்குத் தடை இருக்கலாகாது என்று சட்டம் இயற்றியிருந்தது. மெட்ரோவும் அதில் அடங்கும் என்று 1970-இல் திருத்தமும் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. குழிகள் தோண்டப்பட்டுக்கொண்டே இருந்தன. சக்கர நாற்காலியில் இயங்கியவர்களும் அவர்களுக்குத் துணை நின்ற அமைப்புகளும் நீதிமன்றம் சென்றார்கள். தூக்கி இல்லாமல் நிலையங்களைத் திறக்கக்கூடாது என்று 1973-இல் நீதிமன்றம் தடை விதித்தது.

1976 மார்ச்சு 27-இல் முதல் இரயில் ஓடியது. நகர நடுவில் கேலரி பிளேஸ் என்னும் நிலையத்தில் தூக்கி முடியவில்லை. பளபளக்கும் புதிய நிலையத்தில் விளக்கு எரிய, வண்டிகள் அங்கே நிற்காமலே கடந்து சென்றன, ஒரு நாள் இரு நாளன்று, ஏறத்தாழ ஒன்பது மாதம். அவ்வாண்டு டிசம்பரில்தான் அது திறக்கப்பட்டது. நகரும் படி ஏறத்தக்க ஆயிரக்கணக்கானோர், ஏற முடியாத சிலருக்காகக் காத்திருந்தார்கள். இது நேர்மையா என்று அன்று கேட்டவர் இருந்திருப்பார்கள். சில வரிகள் எழுதப்பட்ட சட்டம் ஓர் இரயிலையே நிற்காமல் ஓடவைத்ததை நான் வகுப்பில் குடிமையியல் நடத்தும்பொழுது சொல்வதுண்டு.

கட்டும்பொழுதே செய்யாவிட்டால் என்ன விலை என்பதற்கு நியூயார்க் சான்று. அங்கே சுரங்க இரயில்வே 1904-இல் தொடங்கிற்று, நிலையங்கள் 472. அவற்றில் 95 விழுக்காட்டையேனும் படியேறாமல் அடையத்தக்கனவாகச் செய்ய 2022-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குக் குறிக்கப்பட்ட காலக்கெடு 2055!

அமெரிக்காவில் 1990-இல் வந்த பெருஞ்சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள், முக்காலியில் இருந்த அந்த இயக்குநரின் கடமைகளை ஒவ்வொன்றாகப் பொறிக்கு மாற்றிக்கொடுத்தன. தூக்கி மேலே போவதாயின் மணி ஒருமுறை, கீழே போவதாயின் இருமுறை ஒலிக்கவேண்டும். பொத்தான்களண்டை தடவி அறியும் எழுத்தும் பிரெயில் புள்ளிகளும் வேண்டும். பொத்தான்கள் அமர்ந்திருப்பவர் கைக்கு எட்டவேண்டும். கதவில் தொடாமலே உணரும் ஒளிக்கதிர் தரையிலிருந்து 5 அங்குலத்திலும் 29 அங்குலத்திலும் பாயவேண்டும். அதென்ன 5, 29? முன்னது காலுக்கும் ஊன்றுகோலுக்கும். பின்னது சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்க்கும் சிறு குழந்தைக்கும் என்று கொள்ளலாம். யாரை மனத்தில் வைத்துப் பொறி செய்யப்படுகிறது என்பதை இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

நம் நாட்டில் 1995-இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 2016-இல் விரிவான சட்டமும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக வந்தன. 2002 டிசம்பரில் தொடங்கிய டெல்லி மெட்ரோவும், 2015 ஜூனில் தொடங்கிய சென்னை மெட்ரோவும் தூக்கியும் தடவுதடம் பதித்த தரையும் கொண்டே எழுந்தன. பழைய பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுக்குள் திருத்தவேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. ஐந்தாண்டு முடிந்து போயிற்று. உங்கள் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ நூலகத்துக்கோ போகும்பொழுது மாடிப்படியை எண்ணிப் பாருங்கள்.

தூக்கி வைக்கப் பணம் இல்லாத இடத்தில் ஒன்றும் செய்ய இயலாது என்பதையும் நான் ஒப்பவில்லை. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய மாணவன் ஒருவன் படித்தான். பத்தாம் வகுப்பு மாடியில். காலையிலும் மாலையிலும் தோழர் இருவர் அவனைத் தூக்கிச் செல்வார்கள். நடுவில் தண்ணீர் குடிக்கவும் அவன் இறங்கமாட்டான். பிறரைத் தொல்லைப்படுத்தலாகாது என்று காலை முதல் நா வறண்டிருப்பான். பத்தாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்து ஆறாம் வகுப்பை மேலே அனுப்பினேன். செலவு, ஒரு சனிக்கிழமை பெஞ்சுகளை மாற்றிய நேரம். சில ஆசிரியர்கள் அட்டவணை குலைந்தது என்று முணுமுணுத்தார்கள்.

நகரும் படியில் ஒழுங்கு என்பதும் மாறிவருகிறது. ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் நடப்போர்க்கு விடுவது பண்பு என்று பல நகரங்களில் நெடுநாள் கற்பித்தார்கள். ஜப்பானில் சைதாமா மாகாணம் 2021 அக்டோபர் முதல், நகோயா நகரம் 2023 அக்டோபர் முதல், நகரும் படியில் நடவாமல் நின்றே செல்லவேண்டும் என்று விதி செய்தன. பக்கவாதத்தால் இடக்கை செயலிழந்தவர் வலப்பக்கக் கைப்பிடியையே பற்ற முடியும். அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு விரைவதற்கு யாருக்கும் உரிமையில்லை என்பதே அவர்கள் கருத்து.

இலண்டனுக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். 1987 நவம்பர் 18 அன்று மாலை ஏழரை மணியளவில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் மரத்தாலான நகரும் படிக்கு அடியில் தீப்பிடித்தது. யாரோ கொளுத்திப் போட்ட தீக்குச்சி இடுக்கின் வழியே விழுந்து, பல்லாண்டாகப் படிந்த மசகிலும் தூசியிலும் பற்றியது. முதலில் சிறு தீயாகவே இருந்தது. படிக்கட்டின் இருபுறச் சுவர்களுக்கிடையே சாய்ந்த பள்ளத்தில் தீ படுத்தபடி ஓடிப் பின் மேலே நுழைவுக் கூடத்துக்குள் ஒரே வீச்சில் பாய்ந்தது. 31 பேர் இறந்தனர். அவர்களுள் மக்களை வெளியேற்ற முனைந்த தீயணைப்பு அதிகாரி ஒருவரும் உண்டு. டெஸ்மண்ட் பென்னல் என்பார் தலைமையில் நடந்த விசாரணையில், படிக்கு அடியில் முன்பே பலமுறை பற்றித் தாமே அவிந்த தீயின் கருந்தடங்கள் இருந்தது வெளிப்பட்டது. அந்நிறுவனத்தார் அவற்றைத் தீ என்று எழுதுவதில்லையாம். "கனிதல்" என்று எழுதி வந்தார்களாம். ஒரு சொல்லை மாற்றியதால் ஓர் ஆபத்து ஏட்டிலிருந்து மறைந்தது.

விசாரணை அறிக்கை 157 பரிந்துரைகளைச் செய்தது. மரப்படிகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. மேற்கு இலண்டனில் கிரீன்ஃபோர்டு என்னும் நிலையத்தில், இரயில் பாதை தெருவுக்கு மேலே உயர்ந்து செல்கிறது. அங்கே தெருவிலிருந்து நடைமேடைக்கு ஏற்றிய ஒரு மரப்படி மட்டும் இருபத்தேழு ஆண்டுகள் எஞ்சியிருந்தது. சுரங்க இரயில்வேயின் கடைசி மரப்படி அது. 2014-இல் அதைக் கழற்றினார்கள். அது இருந்த சாய்வில், செங்குத்தாக எழாமல் சரிவிலேயே வழுக்கி ஏறும் சாய்தூக்கி ஒன்றைப் பொருத்தி 2015 அக்டோபரில் திறந்தார்கள். அதில் சக்கர நாற்காலியோடு ஏறலாம். குழந்தை வண்டியோடும் ஏறலாம். கதவு உண்டு, அது மூடிய பிறகே நகரும்.